கார் பார்க்கிங் உச்சியில் ஹாக்கி பிராக்டிஸ்: வேலை நாள் காலையில் இதைப் பார்க்க ஏன் இவ்வளவு பேர்?

கோவில்பட்டி_பையன்:

வர்ஜீனியா வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, ஹெர்ன்டனில் இருக்கிறேன். கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியலாம், திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

ஆபீசில் என் பக்கத்து சீட்டில் ஒரு மனிதர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். போன புதன்கிழமை சாயங்காலம், "நாளைக் காலை கேப்பிடல்ஸ் பிராக்டிஸ் பார்க்கப் போகிறேன், நீயும் வா" என்றார். கேப்பிடல்ஸ் என்பது வாஷிங்டனின் ஐஸ் ஹாக்கி அணி. மேட்ச் இல்லை, பிராக்டிஸ். டிக்கெட் கிடையாதாம், சும்மா உள்ளே போகலாமாம். சரி, ஊருக்குப் புதுசு, கூப்பிட்டால் போய்விட வேண்டியதுதான் என்று சில்வர் லைன் மெட்ரோ ரயிலைப் பிடித்து பால்ஸ்டனில் இறங்கினேன். அங்கே ஒரு மால், மாலுக்கு ஒரு கார் பார்க்கிங், அதில் லிஃப்ட் ஏறி எட்டாவது தளத்துக்குப் போனால் முழுசாக இரண்டு பனி மைதானம்! கீழே மாடி மாடியாகக் கார் நிற்கிறது, அதற்கு மேலே ஐஸில் ஆள் பறக்கிறான். இதை ஜீரணிக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

என் ஊர் எது என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடி எங்கள் ஊரில் ஹாக்கிதான். நான் பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, பள்ளி டீமில் பெஞ்சைத் தேய்த்தவன், ஆனால் பிராக்டிஸ் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள், அப்புறம் பெனால்டி கார்னரைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள், சீமைக்கருவேலப் புதருக்குள் போன பந்தைத் தேடி எடுத்து வருவது என் வேலை, இன்றைக்கும் குதிகாலில் ஒரு முள் தழும்பு இருக்கிறது. இதைப் பார்க்க யார் வருவார்கள்? டீக்கடை அண்ணாச்சி, ஓரமாக மேய வந்த நாலு ஆடு.

இங்கே எண்ணினால் நூறு பேருக்குக் குறையாது. வியாழக்கிழமை, காலை பத்தரை மணி! தூக்குப்போசி மாதிரி பெரிய பிளாஸ்க்கில் காபியோடு ரிட்டயர் ஆனவர்கள், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு அம்மா. எனக்கு முன் வரிசையில் ஒரு பாட்டி, மடியில் நோட்டுப் புத்தகம், பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். பத்திரிகைக்காரரோ என்று கேட்டேன், இல்லை, சும்மாதான் என்றார்.

நான் எதிர்பார்க்காதது அந்த அமைதி. யாரும் கத்தவில்லை, கோஷம் இல்லை. அதனாலேயே ஐஸில் நடப்பது எல்லாம் காதில் விழுந்தது. பிளேடு திரும்பும்போது தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம், பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) ஓரப் பலகையில் மோதினால் இரும்புக் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒருவன் அடித்த பந்து, மன்னிக்கவும், பக், கோலின் மேல் மூலையில் போய்ச் சொருகியது, நான் என்னை அறியாமல் கைதட்டி "சூப்பர்" என்று கத்திவிட்டேன். முன்னால் இருந்த மூன்று வரிசையும் திரும்பிப் பார்த்தது. கூட்டிப்போனவர் தரையைப் பார்த்தார்.

என் கேள்வி இதுதான். இவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? ஜெயிப்பு தோற்பு இல்லை, ஸ்கோர் இல்லை, முக்கால்வாசி நேரம் வட்டமாகச் சுற்றுகிறார்கள், பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் ஏதோ கிறுக்குகிறார், எல்லோரும் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், மறுபடி சுற்றுகிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் விசேஷம், ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள், அடுத்த முறை மானம் போகக் கூடாது.

ஆர்லிங்டன்_அக்கா:

தம்பி, முதலில், கைதட்டினது தப்பே இல்லை, நானும் முதல் தடவை விசில் அடித்தேன். ஆனால் அங்கே கைதட்டல் என்பது பொதுவாக ஆட்டக்காரர்களுடைய வேலை, அவர்கள் ஸ்டிக்கை ஐஸில் தட்டுவார்கள், கவனித்தாயா? காயம்பட்டவன் பல வாரம் கழித்து முதல் தடவை இறங்கினாலும் தட்டுவார்கள், சின்னப் பையன் ஒருவன் நல்ல கோல் போட்டாலும் தட்டுவார்கள்.

நீ வட்டமாகச் சுற்றுகிறார்கள் என்று சொல்வது பார்க்கத் தெரியாததால். எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. சட்டை நிறத்தைப் பார். ஒரே நிறத்தில் மூன்று பேர் இருந்தால் அவர்கள் ஒரு லைன், அதாவது சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே வெளியே வருகிற மூன்று முன்கள ஆட்டக்காரர்கள். அப்படி நாலு லைன், பின்களத்தில் இரண்டு இரண்டு பேராக மூன்று ஜோடி. மேட்ச்சுக்கு முந்தைய நாள் யார் எந்த நிறத்தில் வருகிறான் என்று பார்த்தாலே மறுநாள் யார் யாரோடு ஆடப்போகிறான், யாரை உட்கார வைக்கப்போகிறார்கள் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். நேற்று வரை முதல் லைன் நிறத்தில் இருந்தவன் இன்றைக்கு நாலாவது லைன் நிறத்தில் வந்தால் அவன் முகத்தையும் கொஞ்சம் பார். அந்தப் பாட்டி நோட்டில் எழுதுவது இதுதான், பந்தயம் கட்டுகிறேன். எல்லோரிலும் வேறு ஒரு தனி நிறத்தில் ஒருவன் இருந்தால், அவன் காயத்திலிருந்து தேறி வருகிறவன், இடிக்கக் கூடாது என்று அர்த்தம். ஆள் யார் என்று தெரிய ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்.

இன்னொன்று, சீக்கிரம் போ. அறிவித்த நேரத்துக்கு முன்பே கோல்கீப்பர்கள் தங்கள் பயிற்சியாளரோடு இறங்கிவிடுவார்கள், அது தனி உலகம், பக்கே இல்லாமல் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு முழங்காலால் சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். 2018 இல் கேப்பிடல்ஸ் கோப்பை ஜெயித்தபோது கோலில் நின்ற பிரேடன் ஹோல்ட்பிக்கு ஒரு பழக்கம், தண்ணீர் பாட்டிலை அழுத்தி மேலே ஒரு பீய்ச்சு பீய்ச்சி, அதில் ஒரே ஒரு துளியை மட்டும் கண்ணால் தொடர்வார். கண்ணைத் தீட்டிக்கொள்கிற வித்தை. டிவியில் பார்த்தபோது ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். மற்ற ஆட்டக்காரர்கள் வரும் முன் காலியான ரிங்க்கில், அதாவது பனி மைதானத்தில், ஒரு கோல்கீப்பர் என்னவெல்லாம் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் அதுவும் ஒரு வேலை என்று புரிந்தது.

முடிந்த பிறகும் உடனே கிளம்பாதே. புதுப் பையன்கள் கடைசிவரை நின்று சிதறிக் கிடக்கிற பக்கையெல்லாம் பொறுக்கி வாளியில் போடுவார்கள், சீனியர் யாரும் குனிய மாட்டார். கோடி கோடியாகச் சம்பளம் வாங்கினாலும் முதல் வருடம் என்றால் பொறுக்கத்தான் வேண்டும். உன் கருவேல முள் கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

சும்மா_ஒருத்தன்:

எல்லாம் சரி அக்கா, ஆனால் அங்கே வருகிற எல்லோரும் பாட்டி மாதிரி நோட்டு எழுத வரவில்லை. பாதிப் பேருக்குக் கண் ஐஸில் இல்லை, வாசலில். நாற்பது வயது ஆள் பத்து ஜெர்ஸியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பான், கையெழுத்து வாங்கி ஆன்லைனில் விற்க. ஒரு தடவை என் மகளிடம் ஒரு ஆள் வந்து, "பாப்பா, இந்தப் போட்டோவை நீ நீட்டினால் அவர் போடுவார், அப்புறம் எனக்குக் கொடு" என்று கேட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. அவளுக்கு வயது ஏழு. அதற்கப்புறம் நாங்கள் ஆட்டக்காரர்கள் கார் எடுக்கும் பக்கமே போவதில்லை, விளையாட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

இலவசம் என்பதால்தான் நான் போகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் குடும்பத்துக்கு மேட்ச் டிக்கெட், பார்க்கிங், ஆளுக்கு ஒரு ஹாட் டாக் என்று போட்டால் ஊருக்குப் பணம் அனுப்புகிற மாதம் துண்டு விழும்.

கோவில்பட்டி_பையன்:

அக்கா, சட்டை நிறம் விஷயம் பிரமாதம். நான் பார்த்த அன்றைக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கலந்து இருந்தது, ஏதோ துவைத்துக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்!

சும்மா_ஒருத்தன் சொல்வதைப் படித்ததும் நம்ம ஊர்க் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. 2018 இல் சிஎஸ்கே இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பியபோது சேப்பாக்கத்தில் பிராக்டிஸ் பார்க்கவே கேலரியில் கூட்டம், அங்கே தோனி பேடைக் கட்டினாலே விசில். அது திருவிழா, அது வேறு, எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் 2024 டிசம்பரில் அடிலெய்டில் என்ன ஆயிற்று? இந்திய அணியின் நெட் பிராக்டிஸுக்கு ரசிகர்களை விட்டார்கள், வந்தது ஆயிரக்கணக்கில், கூச்சல், கிண்டல், கேமராவைப் பார்த்து ஹாய் சொல்லு என்று நச்சரிப்பு, கடைசியில் அந்தத் தொடரில் மீதிப் பயிற்சியைப் பூட்டிவிட்டார்கள். பால்ஸ்டனில் என் சத்தம் ஒன்றுதான் கேட்டது என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஸ்கார்பரோ_சிவா:

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன், இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். உங்களுக்கு வாரநாளில் போய் இலவசமாகப் பார்க்கக் கிடைத்திருக்கிறது, அதன் அருமை தெரியாமல் கதைக்கிறீர்கள்.

எங்கள் ஊர் ஹாக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ், எட்டோபிகோ பகுதியில் பயிற்சி எடுக்கிறார்கள். காலையில் யார் எந்த லைனில் சுற்றினார்கள் என்பது மதியத்துக்குள் ரேடியோவில் பெரிய விவாதமாகிவிடும், ஏதோ மந்திரிசபை மாற்றம் போல. கடைசியாகக் கோப்பை வென்றது 1967 இல். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கே பேரப்பிள்ளை வந்துவிட்டது, இருந்தும் இந்தச் சனம் விடுகிறதில்லை. சில வருடங்களுக்கு முதல் நகரசபைக்கு முன்னால் இருக்கிற நேத்தன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தில், திறந்த வெளி ரிங்க்கில், லீஃப்ஸ் பயிற்சி எடுத்தார்கள். நான் என் பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் தொப்பி மட்டும். பொடியன் மேலே இருந்து நேர்முக வர்ணனை சொன்னான், அப்பா இப்ப மத்யூஸ் போறார், அப்பா இப்ப மத்யூஸ் விழுந்திட்டார் என்று. அவர் விழுந்தாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, இவன் சொன்னதை நம்பினேன்.

தம்பி, உனக்கு ஏன் பிடித்தது என்று கேட்டாய். உன் வயதில் எனக்கும் விளங்கவில்லை. பிறகு என்ர பொடியன் ஹாக்கி தொடங்கினான். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு ரிங்க், வெளியில் மைனஸ் 18, பெற்றோர் எல்லோரும் கையில் டிம் ஹோர்டன்ஸ் கோப்பியோடு அரை நித்திரையில். (டிம் ஹோர்டன் கடைக்காரர் இல்லை, லீஃப்ஸுக்குப் பின்களத்தில் ஆடின ஆள், 1964 இல் ஹாமில்டனில் கடையைத் தொடங்கினவர். வந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகுதான் எனக்கே தெரியும்.) பொடியன் பின்பக்கமாகச் சறுக்கப் பழகவே ஒரு பனிக்காலம் முழுக்கப் போயிற்று. அதைப் பார்த்த பிறகு, பெரியவர்கள் பின்பக்கமாகப் போய்க்கொண்டே பாஸ் கொடுக்கிறதைப் பார்த்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். மாட்ச்சில் அது தெரியாது, எல்லாம் வேகமாகப் போய்விடும். பயிற்சியில் அதையே பத்துத் தரம் செய்வார்கள்.

ரிங்க்_மாமா:

சிவா அண்ணன் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். நான் நாற்பத்திரண்டு வயதில் ஸ்கேட் கட்டி, இன்றைக்கும் நிற்பதற்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் ஆள். பெரியவர்களுக்கான தொடக்க லீக்கில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு ஆடுகிறேன், ஏனென்றால் அந்த நேரம்தான் ஐஸ் கிடைக்கும், மனைவி இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு விஷயம். ஒன்று பாதுகாப்பு, இதை யாரும் சொல்லவில்லை. பக் என்பது கெட்டி ரப்பர், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம். 2002 மார்ச்சில் கொலம்பஸில் ஒரு மேட்ச்சில், திசைமாறிக் கூட்டத்துக்குள் பறந்த பக் தலையில் பட்டு 13 வயதுப் பெண் ஒருத்தி இரண்டு நாள் கழித்து இறந்துபோனாள். அடுத்த சீசனிலிருந்து கோலுக்குப் பின்னால் வலை கட்டாயம் ஆனது. பிராக்டிஸில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேல் பக் பறக்கும், அதனால் கண்ணாடி ஓரம் தாழ்வாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்து போனைப் பார்க்காதே. வெளியே வந்து விழுந்த பக்கை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தில் குழந்தை இருந்தால் அது குழந்தைக்குத்தான், இது எழுதாத சட்டம். கண்ணாடியைத் தட்டாதே, அதுவும் அப்படித்தான்.

இரண்டாவது, கேப்பிடல்ஸின் ஓவெச்கின். 2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க்கில் ஐலண்டர்ஸுக்கு எதிராக 895 ஆவது கோல் போட்டு வெய்ன் கிரெட்ஸ்கியின் சாதனையான 894 ஐத் தாண்டினார் என்பது ஹாக்கியே தெரியாதவர்களுக்கும் செய்தியாக வந்திருக்கும். அந்தக் கோல்களில் ஏகப்பட்டது ஒரே இடத்திலிருந்து வந்தது, இடது பக்க வட்டம். அவர் வலது கை ஆட்டக்காரர், அதனால் இடது பக்கம் நின்றால் ஸ்டிக்கின் முகம் கோலைப் பார்த்தபடி திறந்திருக்கும், குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அறையலாம். எதிரணிக்குத் தெரியும், கோல்கீப்பருக்குத் தெரியும், பார்க்கிங் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும், ஆனாலும் உள்ளே போய்விடும். ஏன் என்று மேட்ச் பார்த்து எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் பிராக்டிஸில் பவர் பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்து ஆட்டம்) பயிற்சியின்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். பாஸ் காலடியில் வந்தாலும், ஒரு அடி முன்னால் போனாலும், துள்ளிக்கொண்டு வந்தாலும் அதற்குத் தகுந்த மாதிரி முழங்காலை மடக்கிக் கொள்கிறார், அடி மட்டும் ஒரே அடி. எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்து நடுவில் விட்டுவிட்டேன். நான் அந்த ஞாயிறு அதை முயற்சி செய்து பார்த்தேன், ஸ்டிக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பக் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு எச்சரிக்கை: அவரைப் பார்க்கவே போகிறாய் என்றால் மேட்ச் நாள் காலை ஸ்கேட்டுக்குப் போகாதே. அது பெரும்பாலும் இஷ்டப்பட்டவர்கள் வரலாம் என்ற கணக்கு, சீனியர்கள் பலர் ஓய்வெடுப்பார்கள். செப்டம்பரில் சீசன் தொடங்கும் முன் நடக்கும் டிரெயினிங் கேம்ப் இன்னும் நன்றாக இருக்கும், வேலைக்காக உயிரைக் கொடுத்து ஆடும் பையன்களைப் பார்க்கலாம். நேரம் கடைசி நிமிடத்தில் மாறும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை அணியின் தளத்தில் பார்த்துக்கொள்.

கோவில்பட்டி_பையன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன், இந்த முறை அப்பாவோடு. விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், பள்ளியில் பிடி வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், 2025 டிசம்பரில் மதுரையில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தபோது தினமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். குரங்குக் குல்லாய், அதற்கு மேல் மஃப்ளர், அதற்கு மேல் என் ஜாக்கெட்.

சட்டை நிறத்தை வைத்து லைன் எல்லாம் நானே கண்டுபிடித்து அவருக்கு விளக்கினேன். அவர் அரைக் காதில்தான் கேட்டார். பயிற்சியாளர் விசில் அடித்து ஒரு பையனை நிறுத்தி, அவன் தோளைப் பிடித்து ஒரு அடி இடது பக்கம் நகர்த்தி நிற்கவைத்தார், அப்பா உடனே "அதான், அதான், அங்கதான் நிக்கணும்" என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டார். மறுபடி மூன்று வரிசை திரும்பியது. நோட்டுப் பாட்டி மட்டும் சிரித்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தார். மீதி நேரம் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள், அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது.

வெளியே வரும்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் முப்பது வருடம் மைதானத்துக்குக் கோடு போட்டவர் அவர். இந்த ஐஸில் சிவப்பு, நீலக் கோடெல்லாம் எதில் போடுகிறார்கள், இத்தனை பிளேடு கீறியும் அழியவில்லையே, சுண்ணாம்பா?

ரிங்க்_மாமா:

பெயிண்ட். ஐஸுக்கு மேலே இல்லை, உள்ளே. முதலில் மெல்லிசாகத் தண்ணீர் தெளித்து உறையவைத்து, அதன் மேல் முழுக்க வெள்ளை அடித்து, கோடும் வட்டமும் வரைந்து, அப்புறம் மறுபடி மேலே மேலே தண்ணீர் விட்டு உறையவைப்பார்கள். எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் இருக்கும். பிளேடு கீறுவது மேல் தோலை மட்டும், அதையும் ஸாம்போனி என்கிற வண்டி வந்து வழித்துச் சுடுதண்ணீர் விட்டு மூடிவிடும். அப்பாவிடம் சொல்லு, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட்டால் போதும்.

கோவில்பட்டி_பையன்:

சொன்னேன். "கொடுத்து வச்சவனுங்க" என்றார்.